கடலூர் காற்று, நோய் வரைபடம்: கணக்கு எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலோ, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கமோ, மூச்சுக் கோளாறுக்கும் புற்றுநோய்க்கும் குறைப்பிரசவத்துக்கும் காற்று மாசோடு தொடர்பு இருக்கிறதா என்று இடஞ்சார் புள்ளியியலை (எது எங்கே நடக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்கும் புள்ளியியலை) வைத்துப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆர், ஜியோடா, கியூஜிஐஎஸ் என்று எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் வருகிற சிக்கல்கள் ஒன்றுதான். உங்கள் திரையில் தெரிகிற அறிகுறியைத் தேடி நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம். ஆனால் சோதிக்கும் வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் முகவரி, பிறகு மக்கள்தொகை, பிறகு காற்றின் திசை, கடைசியில்தான் மாடல், அதாவது மாசையும் நோயையும் இணைக்கும் கணக்கு. பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முகவரியில் இருக்கும் பிழையை மாடலை மாற்றி யாராலும் சரிசெய்ய முடியாது.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், இது வெறும் பயிற்சிக் கணக்கு இல்லை. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 43 தொழிற்பகுதிகளைக் கடும் மாசுப் பகுதிகள் என்று வகைப்படுத்தியபோது, 77.45 மதிப்பெண்ணோடு கடலூரும் அந்தப் பட்டியலில் இருந்தது. பிசகிய ஒரு வரைபடம் 'இங்கே பாதிப்பு இல்லை' என்று சொன்னால் அதைக் கையில் எடுத்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். 'பாதிப்பு உண்டு' என்று தப்பான காரணத்தோடு சொன்னாலும், ஒரே கேள்வியில் அது உடைந்துவிடும். அதன் பிறகு அந்த ஊர்மக்கள் சொல்வதையே யாரும் கேட்கமாட்டார்கள்.

ஊர்கள் வரைபடத்திலேயே காணோம்

கடலூர் ஏறக்குறைய 11.75 வடக்கு, 79.77 கிழக்கு. இரண்டு எண்ணும் இடம் மாறிவிட்டால் சிப்காட்டை ஒட்டிய குடிகாடும் ஈச்சங்காடும் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டு பனித்தீவில் போய் விழும். ஆரில் உள்ள எஸ்எஃப் தொகுப்பு தீர்க்கரேகையை முதலில் கேட்கும். கைபேசியிலிருந்து நகலெடுத்த எண்ணில் அட்சரேகை முதலில் இருக்கும். மாற்றிப் போட்டால் சரி.

தூரம் 0.03 என்று வருகிறது

பாகையில் அளந்திருக்கிறீர்கள். மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு என்ற ஆயமுறைக்கு, அதாவது 32644 என்ற குறியீட்டுக்கு, எல்லா அடுக்குகளையும் மாற்றுங்கள். அப்புறம் தூரம் மீட்டரில் வரும். நம் பக்கத்தில் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது. ஒரு பாகை அட்சரேகை இங்கே 110 கிலோமீட்டர் சொச்சம், தீர்க்கரேகை 109 வாக்கில் இருக்கும். அதனால் வரைபடத்தின் உருவம் சிதைவதில்லை, எல்லாம் சரியாகவே தோன்றும். '2' என்று நீங்கள் கொடுத்த சுற்றெல்லை 2 கிலோமீட்டராக இல்லாமல் 2 பாகையாகி மாநிலத்தின் பாதியை விழுங்கும்போதுதான் தெரியவரும்.

கோரிமேடு மட்டும் செக்கச்செவேல் என்று இருக்கிறது

இந்த அறிகுறியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். புதுச்சேரி வரைபடத்தில் இறப்பு விகிதமோ புற்றுநோயோ கோரிமேட்டைச் சுற்றிக் குவிந்து தெரிந்தால், அங்கே இருப்பது நச்சுக்காற்று இல்லை, ஜிப்மர் மருத்துவமனை. நம் நாட்டில் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். குடிகாட்டில் இருபது வருடம் வாழ்ந்து ஜிப்மர் படுக்கையில் இறந்தவர், பதிவேட்டில் புதுச்சேரிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். இரண்டு பக்கமும் இதனால் கெடுகிறது. மருத்துவமனை இருக்கும் இடம் வீங்குகிறது, சிப்காட் ஊர்கள் மெலிகின்றன. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். பெரிய நோய் என்றால் பலரும் அங்கேதான் பேருந்து ஏறுகிறார்கள். ஆகவே கடலூர் மாவட்டப் பதிவுகளை மட்டும் வைத்துச் செய்கிற ஆய்வு, பார்க்க வேண்டிய நோயாளிகளையே வெளியே விட்டுவிடும்.

சரிசெய்ய ஒரே வழிதான் உண்டு. இறந்த இடத்தை விட்டுவிட்டு, பதிவிலுள்ள வழக்கமான வசிப்பிட முகவரியைக் கொண்டு ஊரை ஒதுக்குங்கள். இரண்டு மாநிலப் பதிவுகளையும் சேர்த்து, ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்திருக்கிறாரா என்று பாருங்கள்.

முகவரியிலும் கண்ணிகள் இருக்கின்றன. வெறும் 'கடலூர்' என்று எழுதிய முகவரியை முகவரி தேடும் மென்பொருள் மாவட்டத்தின் நடுப்புள்ளியில் வைத்துவிடும். ஒரே புள்ளியில் ஐம்பது அறுபது பேர் அடுக்கி நின்றால் இதுதான் காரணம். 'ஓ.டி.' என்றால் பழைய நகரம், துறைமுகப் பக்கம், 'என்.டி.' என்றால் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் பக்கம். சிப்காட் தெற்கே இருப்பதால் இந்த இரண்டு எழுத்துக்கும் நடுவில் மாசின் அளவே மாறிவிடும். மென்பொருளுக்கு அது தெரியாது. பெயரும் குழப்பும்: புதுக்குப்பம் பாகூர் பக்கமும் உண்டு, பரங்கிப்பேட்டைப் பக்கமும் உண்டு. சந்தேகமான முகவரிகளை ஊர் தெரிந்த ஒருவரோடு, கிராம சுகாதாரச் செவிலியரோ தபால்காரரோ யாராயிருந்தாலும் சரி, உட்கார்ந்து சரிபாருங்கள். எந்த மாடலைவிடவும் இது பலன் தரும் வேலை. அதன் பிறகும் ஊர் தெரியாத பதிவுகள் மிஞ்சினால் நீக்கிவிடாதீர்கள். அவை எத்தனை, எந்தத் தாலுகாவைச் சேர்ந்தவை என்று அறிக்கையில் எழுதுங்கள். முகவரி ஒழுங்காக இல்லாதவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அவர்கள் வீடுதான் ஆலைச் சுவரை ஒட்டி இருக்க வாய்ப்பு அதிகம்.

சின்ன ஊர்களே உச்சியிலும் அடியிலும் வருகின்றன

வயது, பாலினம் சரிக்கட்டி ஒவ்வொரு ஊருக்கும் 'எதிர்பார்த்த எண்ணிக்கை' போட்டு, உண்மையில் வந்ததை அதனால் வகுக்கிறோம். குக்கிராமத்தில் எதிர்பார்ப்பு 0.5 என்றால், ஒரே ஒருவருக்கு நோய் வந்தாலும் விகிதம் 2 ஆகிவிடும். எந்த மாசும் இல்லாமலே அங்கே ஒருவருக்காவது வருவதற்கு 39 சதவீத வாய்ப்பு உண்டு. எதிர்பார்ப்பு 50 உள்ள பெரிய ஊரில் 75 பேருக்கு வந்தால் விகிதம் 1.5தான், ஆனால் அது தற்செயலாக வருவதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. முதல் ஊர் சிவப்பாகவும் இரண்டாவது ஊர் இளமஞ்சளாகவும் வரைபடத்தில் தெரிந்தால், அதைப் பார்க்கிறவர் தவறான ஊருக்குத்தான் போவார்.

வெறும் விகிதத்தை வரையாதீர்கள். 1991இல் பெசாக், யார்க், மொல்லியே மூவரும் தந்த பிஒய்எம் மாடலோ, அதன் திருத்திய வடிவமான பிஒய்எம்2வோ போதும். சின்ன ஊரின் விகிதத்தை அக்கம்பக்கத்து ஊர்களின் பக்கமாகவும் மொத்தச் சராசரியின் பக்கமாகவும் அது இழுத்து நிறுத்தும். ஐஎன்எல்ஏ என்ற வேகமான கணக்கீட்டு முறை கொண்டு செய்தால் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடிவிடும். வரைபடத்தில் மதிப்பீட்டை மட்டும் போடாமல், 'விகிதம் 1ஐத் தாண்டியிருக்க எத்தனை சதவீத வாய்ப்பு' என்பதையும் பக்கத்தில் போடுங்கள்.

வகுக்கும் எண்ணையும் பாருங்கள். பலர் கையில் இருப்பது 2011 மக்கள்தொகைக் கணக்கு. அதில் கடலூர் மாவட்டத்தில் 26,05,914 பேர். அதற்குப் பிறகு வளர்ந்த நகர்ப்புற விரிவுகளில் ஆட்கள் கூடியிருக்க, வகுக்கும் எண் பழையதாகவே இருந்தால், அங்கே நோய் கூடியதுபோலத் தெரியும்.

'அண்டை இல்லாத ஊர்' என்று பிழை வருகிறது

ஆரின் எஸ்பிடெப் தொகுப்பு சில பாலிகன்களுக்கு (வரைபடத்தில் ஊர் எல்லையைக் காட்டும் உருவங்களுக்கு) அண்டைப் பட்டியல் காலி என்று சொல்லி நின்றுவிடும். புதுச்சேரியில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன எல்லைப்படி புதுச்சேரி வட்டாரம் ஒரே துண்டாக இல்லை. நடுவே நடுவே விழுப்புரமும் கடலூரும் புகுந்து கிடக்கின்றன. ஒன்றியப் பிரதேசம் முழுவதையும் ஒரே ஷேப்ஃபைலில் (எல்லைக் கோப்பில்) எடுத்தால் தெற்கே காரைக்கால், கேரளக் கரையில் மாகே, ஆந்திராவில் ஏனாம் மூன்றும் சேர்ந்து வரும்.

காலி அண்டையை அனுமதிக்கும் ஜீரோ பாலிசி தேர்வைப் போட்டால் பிழைச் செய்தி போய்விடும். ஆனால் சிக்கல் போகாது. அந்த ஊருக்கு இட உறவே இல்லை என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். காற்றுக்கு மாநில எல்லை தெரியாது. தமிழ்நாட்டு ஊர்களையும் புதுச்சேரிக் கொம்யூன் (உள்ளாட்சிப் பிரிவு) ஊர்களையும் ஒரே அடுக்காக இணைத்து, அதன் பிறகு அண்டைப் பட்டியல் போடுங்கள். மற்ற மூன்று வட்டாரங்களையும் விட்டுவிடுங்கள். தென்பெண்ணையின் இரு கரையிலும் உள்ள ஊர்களுக்கு நடுவே ஆற்றுப் பாலிகன் கிடந்து அவற்றைப் பிரிக்கும். தொடும் எல்லைக்குப் பதில் மிக அருகிலுள்ள ஐந்தாறு ஊர்கள் என்ற விதியை வைத்தால் அது தீரும். இரண்டு கோப்புகளின் எல்லைக்கோடு பத்து மீட்டர் விலகியிருந்தாலும் தொடர்பு அறுந்துவிடும். ஸ்னாப் அளவை, அதாவது எவ்வளவு இடைவெளி வரை ஒட்டியதாக எடுத்துக்கொள்ளலாம் என்பதை, கொஞ்சம் கூட்டுங்கள்.

கடலோர ஊர்களுக்குக் கிழக்கே அண்டையே கிடையாது. அதனால் அங்கே மதிப்பீட்டின் நிச்சயமின்மை கூடுதலாகத்தான் வரும். சிப்காட் இருப்பதே உப்பனாற்றங்கரையில், கடலோரப் பட்டையில் என்பதால், நமக்கு முக்கியமான ஊர்களே ஓரத்து ஊர்கள். இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

ஆலையிலிருந்து தள்ளிப் போனாலும் நோய் குறையவில்லை

ஆலையைச் சுற்றி 1, 2, 5 கிலோமீட்டர் வட்டங்கள் போட்டு ஒப்பிட்டீர்கள். எல்லா வளையத்திலும் ஏறக்குறைய ஒரே விகிதம். முதலில், உங்கள் பெரிய வட்டத்தின் கணிசமான பகுதி கடலில் விழுந்திருக்கும். வெளி வளையத்தில் எத்தனை ஊர் மிஞ்சுகிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவது, புகை வட்டமாகப் போவதில்லை.

இந்தக் கரையில் காற்றுக்குத் தனித்தனிப் பெயரே உண்டு. மேற்கிலிருந்து வருவது கோடை, கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். தென்மேற்குப் பருவத்தில் கோடைக்காற்று சிப்காட் புகையைக் கடல் பக்கம் தள்ளும். அதே மாதங்களில் பிற்பகல் கடற்காற்று எழும்பினால் புகை திரும்பி ஊருக்குள் வரும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கு, தென்மேற்கு ஊர்கள் வாங்கிக்கொள்ளும். இரவில் நிலக்காற்று மெதுவாக வீசும். தரையை ஒட்டிய காற்றடுக்கு தாழ்ந்துவிடுவதால் புகை கலையாமல் கிடக்கும். இரவில்தான் நாற்றம் தாங்கவில்லை என்று ஊர்மக்கள் சொல்வதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. 24 மணி நேரச் சராசரி எடுத்தால் இந்தத் திசை மாற்றமெல்லாம் ஒன்றையொன்று அழித்துவிடும்.

அதனால் தூரத்துக்குப் பதில் 'காற்று வீசிய மணிநேரம்' என்ற அளவை உருவாக்குங்கள். ஒவ்வொரு ஊருக்கும், ஆண்டில் எத்தனை மணி நேரம் அது ஆலைக்குக் கீழ்க்காற்றில் (ஆலைப் புகையைக் காற்று கொண்டுவரும் பக்கத்தில்) இருந்தது என்று எண்ணி, அதைத் தூரத்தால் குறைத்து எடையிடலாம். கடலூரிலும் புதுச்சேரியிலும் வானிலைத் துறையின் நிலையங்கள் உள்ளன. அவற்றின் தரவு கிடைத்தால் அதையே முதலில் எடுங்கள். ஈஆர்ஏ5 என்ற உலகளாவிய வானிலைத் தரவு எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதன் கட்டம் கால் பாகை; கரையோரக் கடற்காற்று அதில் மழுங்கிவிடும். இரவையும் பகலையும் பிரித்தே கணக்கிடுங்கள். மேற்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி அனல் நிலையங்கள் இருப்பதை மறக்க வேண்டாம். கோடைக்காற்று வீசும் நாளில் கடலூரில் ஏறும் நுண்துகளை சிப்காட் கணக்கில் மட்டும் எழுதக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. அளப்பது எதை? சிப்காட்டில் மக்கள் முறையிடுவது பெரும்பாலும் ரசாயன நெடியைப் பற்றி; ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதில் வரும். பிஎம் 2.5, அதாவது நுண்துகளை அளக்கும் கருவிக்கு இவை எதுவும் தெரியாது. பிஎம் 2.5ஐ மட்டும் வைத்துத் தொடர்பு இல்லை என்று வந்தால், பிஎம் 2.5க்குத் தொடர்பு தெரியவில்லை என்று மட்டுமே சொல்லலாம். 2004லேயே சிப்காட் ஊர்மக்கள் வாளி முறையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாற்றம் வந்த நாள், நேரம், காற்றின் திசை என்று அவர்கள் குறித்து வைக்கும் பதிவுகளும் தரவுதான். மணிவாரிக் காற்றுத் தரவோடு அவற்றைச் சேர்த்துப் பார்த்தால், எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது பல நேரம் பளிச்சென்று தெரியும்.

மாசு வரைபடத்தில் கருவியைச் சுற்றி மட்டும் வட்டம் வட்டமாக வருகிறது

தூர எடையிட்ட இடைக்கணிப்பு (அருகிலுள்ள கருவிக்கு அதிக எடை கொடுத்து இடைவெளியை நிரப்பும் முறை) அப்படித்தான் செய்யும். இரண்டு மூன்று நிலையங்களை வைத்து மாவட்டம் முழுக்க மாசு வரைய முடியாது. கிரிகிங் என்ற இன்னொரு இடைக்கணிப்பைச் செய்தால், தூரம் கூடக்கூட அளவுகள் எவ்வளவு விலகுகின்றன என்று காட்டும் வேரியோகிராம் கிடைமட்டக் கோடாக வந்து வரைபடம் ஒரே நிறமாகிவிடும். இட அமைப்பைக் கண்டுபிடிக்கத் தரவு போதவில்லை என்பதே அதன் பொருள். மாசு எல்லா இடத்திலும் சமம் என்று படித்துவிடக் கூடாது. செயற்கைக்கோள் மதிப்பீடு, சாலை அடர்த்தி, நிலப்பயன்பாடு சேர்ந்த ரிக்ரெஷனுக்கு (இவற்றைக் கொண்டு மாசைக் கணிக்கும் கணக்குக்கு) போங்கள். விலை குறைந்த ஒளிச்சிதறல் சென்சார்களை ஊர் ஊராக வைக்கலாம். ஆனால் நம் கடற்கரை ஈரத்தில் துகள்கள் நீர் உறிஞ்சிப் பெருத்து அளவைக் கூட்டிக் காட்டும். ஈரப்பதத்தையும் அளந்து, வாரியத்தின் நிலையத்துக்குப் பக்கத்தில் சில வாரம் வைத்துத் திருத்தம் கண்டுபிடித்த பிறகே பரப்புங்கள். போகி நாளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரம்பைத் தாண்டிய நாள், தாண்டாத நாள் என்று பிரித்தால் வித்தியாசமே இல்லை

நம் நாட்டின் 2009 தர அளவு பிஎம் 2.5க்கு 24 மணி நேரத்தில் 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 40. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஆண்டுக்கு 5, நாளுக்கு 15 என்று இறக்கிவிட்டது. 60ஐ வைத்து இரண்டாகப் பிரித்தால், இரண்டும் அதற்குக் கீழே ஒரே பெட்டியில் விழுவதால், இருபதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே அழித்துவிட்டீர்கள். மாசை எண்ணாகவே மாடலில் விடுங்கள்.

இட விளைவைச் சேர்த்ததும் மாசின் விளைவு மாயமாகிவிட்டது

சாதாரணப் பாய்சான் ரிக்ரெஷனில் (எண்ணிக்கைகளுக்கான கணக்கில்) மாசின் கெழு, அதாவது மாசின் விளைவைக் காட்டும் எண், தெளிவாக இருந்தது. மாடல் விளக்காமல் விட்ட எச்சங்களில் மொரான் குறியீடு (அண்டை ஊர்கள் ஒன்றுபோல இருப்பதை அளக்கும் எண்) ஏறியிருந்ததால் இட விளைவை, அதாவது அண்டை ஊர்களைச் சேர்த்துப் பிணைக்கும் உறுப்பை, சேர்த்தீர்கள். கெழு பூஜ்யத்தை ஒட்டிப் போனது. 'அப்போது மாசுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை' என்று எழுதிவிடாதீர்கள். எல்லா அறிகுறிகளிலும் அதிகச் சேதம் செய்யும் முடிவு இதுதான்.

மாசு என்பதே ஊருக்கு ஊர் மெதுவாக மாறுவது. இட விளைவும் மெதுவாக மாறுவதை விழுங்குவதற்கென்றே செய்தது. இரண்டையும் ஒரே மாடலில் வைத்தால், மாசு விளக்க வேண்டியதை இட விளைவு எடுத்துக்கொள்ளும். ஹாட்ஜஸும் ரைஷும் 2010இல் இதை விரிவாக எழுதினார்கள். எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு: இட விளைவு இல்லாத மாடல், வறுமையையும் விறகடுப்பையும் புகையிலையையும் மாசின் கணக்கில் எழுதிவிட்டிருக்கலாம். எது நடந்தது என்பதைக் கெழுவைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

முதலில் மாசு மாறியைத் தனியே எடுத்து, அதில் எவ்வளவு பங்கை இட விளைவே விளக்கிவிடுகிறது என்று பாருங்கள். ஏறக்குறைய முழுவதும் என்றால், இந்தத் தரவுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வலு இல்லை. அடுத்து விறகடுப்பு, புகைபிடித்தல், தொழில், வருமானம் ஆகியவற்றை நேரடி மாறிகளாகக் கொண்டுவாருங்கள். இட விளைவு சுமக்க வேண்டிய பாரம் குறையும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகையையும் விட்டுவிடாதீர்கள். 2022இல் டூபோன், வுட், அகஸ்டின் முன்வைத்த 'ஸ்பேஷியல் பிளஸ்' முறையில், மாசிலிருந்து மெதுவாக மாறும் இடக்கூறைக் கழித்துவிட்டு மிச்சத்தை மாடலில் விடுவார்கள்; மிச்சம் கணிசமாக இருந்தால் முயன்று பாருங்கள். இட விளைவை மாசுக்குச் செங்குத்தாகக் கட்டிப்போடும் பழைய முறையை நான் பரிந்துரைக்கமாட்டேன். அது நம்பக இடைவெளியை (மதிப்பீடு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதை) தப்பாகக் குறுக்கிவிடுகிறது.

ஆஸ்துமா, இதய நோய் போல உடனே தெரியும் நோய் என்றால் வேறு வழியும் இருக்கிறது. ஊரை ஊரோடு ஒப்பிடாமல், ஒரே ஆளை அவருடைய வேறு நாளோடு ஒப்பிடும் கேஸ் கிராஸ்ஓவர் முறை. வறுமை ஒரு வாரத்தில் மாறாது, கீழ்க்காற்று மாறும். எந்த வழியில் போனாலும் இட விளைவு உள்ள, இல்லாத இரண்டு மதிப்பீடுகளையும் அறிக்கையில் பக்கம் பக்கமாகப் போடுங்கள்.

பஞ்சாயத்து அளவில் ஒரு முடிவு, வட்டார அளவில் வேறு முடிவு

எல்லையை மாற்றினால் விடை மாறுவது இந்தத் துறையின் பழைய சங்கதி. இரண்டு அளவிலும் செய்து காட்டுங்கள். சிறிய அலகுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஊர்ச் சராசரியில் கண்ட தொடர்பைத் தனி ஆளுக்குப் பொருத்திப் பேச வேண்டாம்.

மாசு அதிகமான ஊரில் நோய் குறைவாக வருகிறது

அதிகம், குறைவு என்று மாசைக் குறித்தது தலைகீழாக விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், நோய் கண்டுபிடிக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஸ்பைரோமெட்ரி (நுரையீரல் திறனைப் பார்க்கும் ஊதுபரிசோதனை) இல்லாத ஊரில் நாள்பட்ட மூச்சடைப்பு பதிவேட்டில் ஏறாது. 'சளி' என்று போய்விடும். பரிசோதனை நிலையத்துக்குப் பயண நேரத்தை ஒரு மாறியாகச் சேருங்கள்.

அப்புறம், இடப்பெயர்ச்சி. நோய் வந்தவர்கள் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உடல் தாங்குகிறவர்கள் ஆலை வேலையோடு தங்குகிறார்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குப்பங்கள் பல உள்ளே தள்ளிக் குடியேறின. நெய்வேலிச் சுரங்கத்துக்காக ஊர் ஊராகப் பெயர்ந்தவர்கள் உண்டு. புற்றுநோய் தெரியவர பத்தாண்டுக்கு மேல்கூட ஆகும். இன்றைய முகவரியோடு இன்றைய காற்றைப் பொருத்தினால், வேறெங்கோ வாங்கிய மாசை இந்த ஊரின் கணக்கில் எழுதுகிறோம். வீட்டுக் கணக்கெடுப்பில் இரண்டு கேள்வி கூடுதலாகப் போதும்: 'இந்த வீட்டில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்? அதற்கு முன்னால் எந்த ஊர்?' பத்தாண்டுக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தவர்களை மட்டும் வைத்து மாடலை ஒருமுறை ஓட்டுங்கள். திசை மாறினால், தலைகீழ் முடிவுக்குக் காரணம் இடப்பெயர்ச்சியாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அவர் வாழ்ந்த ஊர்களின் வரிசைப்படி மாசைக் கூட்டி மறுபடி கணக்கிடுங்கள்.